தொலைவிலிருந்து தீவிர சிகிச்சை: படை முகாமிலிருந்து பெல்மதுளை வரை

பெல்மதுளையிலிருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கு ஏ4 வீதியில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். வெயில் நாளில் அது ஒரு தூரமே இல்லை. தென்மேல் பருவமழையில் களுகங்கை பெருகி இரத்தினபுரி நகரம் தண்ணீரில் நிற்கும்போது, அதே 20 கிலோமீற்றரைக் கடக்க வழி இருக்காது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இந்த மாவட்டம் அதை அனுபவித்தது. மண்சரிவில் புதைந்தவர்களைத் தேடவும் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்குப் போய்ச் சேரவும் படையினர் வரவேண்டியிருந்தது. ஆகவே படை மருத்துவத்தைப் போர்முனையோடு முடிந்துபோகும் காரியம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. வழி அடைபட்ட இடத்தில், நிபுணர் இல்லாமல், உயிருக்குப் போராடுகிறவரை எப்படிக் காப்பது என்ற கேள்வியைப் படை வைத்தியர்கள்தான் விடாமல் கேட்டு வந்திருக்கிறார்கள்.

2009இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ரொபர்ட் கேட்ஸ், ஆப்கானிஸ்தானில் படுகாயமடைந்த வீரரை 60 நிமிடங்களுக்குள் சிகிச்சை நிலையத்தில் சேர்க்கவேண்டும் என்று பணித்தார். ஹெலிகொப்டர்கள் போதிய அளவு நின்ற அந்தக் களத்தில் அது நடந்தது, உயிர்களும் தப்பின. ஆபிரிக்காவில் சிறு குழுக்களாகச் சிதறி நின்ற படையினருக்கு அந்த ஒரு மணிநேரம் எட்டாக்கனி. விமானம் வரும்வரை பல மணிநேரம், சில வேளை நாட்கணக்கில், ஒரு படை மருத்துவ உதவியாளரே நோயாளியைத் தாங்கவேண்டும். மயக்க மருந்தின் அளவு, வென்டிலேட்டர், மணிக்கு மணி இறங்கும் சிறுநீர், எல்லாம் அவர் பொறுப்பு. அவர் எந்நேரமும் ஒரு தீவிர சிகிச்சை நிபுணரைப் பிடித்துப் பேசும் சேவையை 2010களின் நடுப்பகுதியில் அமெரிக்க இராணுவ வைத்தியர்கள் அமைத்தார்கள்.

அந்தச் சேவையின் கருவி வியப்பூட்டும் அளவுக்கு எளியது: தொலைபேசியும் மின்னஞ்சலும். உதவியாளர் அழைப்பதற்கு முன் ஒரு படிவத்தை நிரப்புவார். என்ன காயம், இதுவரை என்ன செய்தேன், கையில் என்ன மருந்து மிச்சம், எனக்கு எது தெரியாது என்று வரிசையாக எழுதிப் படங்களோடு அனுப்பிவிட்டுப் பேசுவார். மறுமுனை வைத்தியர் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவார். லைன் அறுந்தால் அடுத்த வழி எது, அதுவும் போனால் எது என்று நான்கு அடுக்கில் முன்பே தீர்மானித்திருப்பார்கள். இந்த முறையின் மிகப் பெரிய பலமாக நான் காண்பது இந்த ஒழுங்கைத்தான். பதற்றத்தில் இருக்கும் ஒருவரை நிதானமாக எண்ணவைக்கும் வேலையில் பாதி, மறுமுனையில் தொலைபேசி ஒலிக்கும் முன்பே அந்தப் படிவத்தால் நடந்துவிடுகிறது.

சாதாரண வைத்தியசாலைகளில் கிடைத்த சான்றுகள் இவ்வளவு நம்பிக்கை தருவதில்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் 6,290 நோயாளிகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறை வந்தபின் இறப்பு 13.6 சதவீதத்திலிருந்து 11.8 ஆகக் குறைந்திருந்தது. அதற்கு ஈராண்டு முன் வெளியான மற்றோர் ஆய்வு ஆறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பார்த்துவிட்டு, மொத்தத்தில் பயன் தெரியவில்லை என்றது. பிரேசிலில் 30 பிரிவுகளில் நடந்து 2024இல் வெளியான பெரிய பரிசோதனையில், நிபுணர் தினமும் திரைவழி வார்ட்டைச் சுற்றிப் பார்த்தும் நோயாளிகள் தீவிர சிகிச்சையில் தங்கிய நாட்கள் குறையவில்லை.

பயன் தெரியாத அந்த 2009 ஆய்வில் ஒரு விபரம் புதைந்து கிடக்கிறது. உள்ளூர் வைத்தியர்கள், தூரத்து நிபுணருக்குச் சிகிச்சையை மாற்றும் முழு அதிகாரத்தைக் கொடுத்தது 31 சதவீத நோயாளிகளுக்கு மட்டுமே. மற்றவர்கள் விடயத்தில் நிபுணருக்குக் கண் இருந்தது, கை இருக்கவில்லை. படையில் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. யார் சொல்லை யார் கேட்பது என்பது அங்கே முன்பே முடிவான காரியம். முறை வெற்றிபெற்ற இடங்களில் தொழில்நுட்பத்துக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு இந்த அதிகார ஒழுங்குக்கும், பல மாதம் பயிற்றப்பட்ட அந்த உதவியாளரின் கைகளுக்கும் போகவேண்டியது.

குறைகளும் சிறியவை அல்ல. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், நோயாளியின் தோல் குளிர்ந்திருக்கிறதா என்று உணராமல் சொல்லும் ஆலோசனைக்கு ஓர் எல்லை உண்டு. போர்க்களத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது: அலைவரிசையைத் திறந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும், இல்லையென்றால் அவன் அதை முடக்கிவிடுவான். உக்ரேன் போர் தொடங்கியபின் படைகள் இதைத் தீவிரமாக எண்ணுகின்றன. லைனையே நம்பிப் பழகிய உதவியாளர், லைன் இல்லாத இரவில் என்ன செய்வார்? எங்கள் மலைகளில் எதிரி இல்லை. மண்சரிவில் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் சேர்ந்து போவது மட்டும் உண்டு. உதவி மிக அவசரமாகத் தேவைப்படும் அன்றைக்கே உதவி வரும் வழி அறுந்துபோகும்.

இந்தியாவில் சியாச்சின் பனிமலை போன்ற இடங்களில் நிற்கும் படையினருக்காக 2018இல் விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவோடு செய்த உடன்படிக்கை 53 தொலைமருத்துவ முனையங்களைச் சேர்க்கத் திட்டமிட்டது. 2021இல் படையினருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் ‘சேஹத்’ என்ற இணையவழி வெளிநோயாளர் சேவை வந்தது. நல்ல முயற்சிகள்தாம். ஆனால் காய்ச்சலுக்கு மருந்து கேட்பதும் மூச்சு நிற்கப் போகிறவரைத் தாங்குவதும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. திரை திறந்துவிட்டோம் என்று அறிவிக்கும்போது எதற்கான திரை என்று கேட்கவேண்டும்.

பெல்மதுளைக்கு எது தேவை? மாணிக்கக் குழியிலும் வயலிலும் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் இங்கே நன்கு தெரிந்த எமன். முதல் நாட்களில் சாதாரணக் காய்ச்சல் போலிருக்கும். பிறகு சிறுநீர் குறையும், கண் மஞ்சளாகும், சிலருக்கு நுரையீரலில் இரத்தம் கசியும். இறப்பர் மலையிலும் தேயிலைச் செடிக்கடியிலும் கோப்பி விரியன் கடித்து வருகிறார்கள். அதன் விஷத்தை முறிக்கும் மருந்து இலங்கையில் பாவனையில் இல்லை, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். எவ்வளவு சேலைன் ஏற்றுவது, எந்த நேரத்தில் இரத்தினபுரிக்கு அனுப்புவது, வழியில் மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்பன இரவில் தனியாக நிற்கும் ஓர் இளம் வைத்தியரை வாட்டும் கேள்விகள். இவற்றுக்கு அந்தப் படைப் படிவமும் ஒரு நல்ல தொலைபேசி லைனும் உண்மையாகவே உதவும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிப் பின்னர் நாடு முழுதும் பரவிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்தபின், நோயாளி வண்டியில் இருக்கும் நேரமும் சிகிச்சை நேரமாக மாறக்கூடும். தோட்டத்து லொறியில் நோயாளியைக் கிடத்திக் கொண்டுபோன காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தோட்டத்தில் இந்தச் சிகிச்சைச் சங்கிலியின் முதல் கண்ணி தோட்ட வைத்திய உதவியாளர். டிஸ்பென்சரியில் அவர்தான் முதலில் நோயாளியைத் தொடுகிறார். படையின் உதவியாளருக்குக் கிடைக்கும் பயிற்சியில் ஒரு பகுதியாவது இவருக்குக் கிடைக்காமல் மேலே நிபுணரை உட்காரவைப்பதால் பயன் இல்லை. அடுத்தது மொழி. லயத்திலிருந்து வந்த தாய் தன் பிள்ளை எப்போதிலிருந்து மூத்திரம் போகவில்லை என்பதைத் தமிழில் சொல்கிறாள். வார்ட் சிங்களத்தில் இயங்குகிறது. நிபுணரிடம் போகும் குறிப்பு ஆங்கிலத்தில். மூன்று கை மாறும்போது அந்த ‘எப்போதிலிருந்து’ தொலைந்துபோகலாம். சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு அந்த ஒரு விபரமே சிகிச்சையைத் தீர்மானிக்கும். தமிழ் தெரிந்த தாதியோ வைத்தியரோ லைனின் ஏதாவது ஒரு முனையில் இருந்தே ஆகவேண்டும்.

இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு வளர்ந்தோருக்கான தீவிர சிகிச்சைக் கட்டில்கள் 2.3 என்று 2012 அளவில் வந்த கணக்கு ஒன்று சொன்னது. இந்தப் பற்றாக்குறையைத் திரைகளால் மூடலாம் என்ற ஆசை நிர்வாகத்துக்கு வரும். திரை ஒருபோதும் கட்டிலாகாது. அமெரிக்கப் படையிலும் அது விமானம் வரும்வரைக்கான ஏற்பாடு. விமானம் வந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்க்க மறுமுனையில் ஒரு வைத்தியசாலை காத்திருந்தது. இரத்தினபுரியில் கட்டில் காலியில்லாதபோது, பெல்மதுளை நோயாளிக்கு எவ்வளவு அருமையான ஆலோசனை கிடைத்தும் அவர் போய்ச் சேர இடமில்லை.

இரத்தினபுரித் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சுற்றுவட்டார வைத்தியசாலைகளுக்கு ஓர் இரவு லைன் தொடங்கினால் நான் முழுமனதோடு வரவேற்பேன். அதை ஏற்று நடத்துபவருக்குத் தனிப் பதவியும் தனிச் சம்பளமும் வேண்டும். தன் வார்ட்டில் கட்டில்கள் நிறைந்திருக்க, கண்ணயர நேரமில்லாத வைத்தியரின் தோளில் இதையும் ஏற்றினால், நள்ளிரவு 2 மணி அழைப்புக்கு அவர் பாதிக் கவனத்தோடுதான் பதில் சொல்வார். அந்தப் பாதிக் கவனத்தை நம்பி மறுமுனையில் ஒருவர் மருந்தை ஏற்றிவிடுவார்.