விடுதலைப் பத்திரம்

தமிழில் ‘முதலாளி’ என்ற சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. ‘முதலாளியம்மா’ என்றால் முதலாளியின் மனைவி. ‘மிராசுதார்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஆனால் மீன்காரி, மோர்க்காரி, பூக்காரி, கீரைக்காரி என்று தலைச்சுமை வணிகத்திற்கெல்லாம் பெண்பால் தாராளமாக இருக்கிறது. சரக்கு தலையில் இருக்கும்வரை அவள் ‘காரி’. அதுவே லாரியில் ஏறிவிட்டால் சொல் ஆண்பாலாகிவிடுகிறது. இதை வெறும் இலக்கணப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியவில்லை.

‘பெண் தொழில்முனைவோர்’ என்ற சொல்லாடல் இப்போது எங்கும் புழங்குகிறது. பெண்ணுக்குத் துணிச்சல் போதாது, வெளியுலகம் தெரியாது, ஆகவே பயிற்சி கொடுப்போம், விருது கொடுப்போம் என்பதே அதன் சாரம். காவிரிப் படுகையை வைத்துப் பார்த்தால் இது உண்மைக்கு நேர்மாறானது. இங்கே பெண்ணுக்கு வணிகம் மறுக்கப்படவில்லை. வணிகத்தை முதலாக மாற்றும் காகிதம்தான் அவளுக்கு மறுக்கப்பட்டது.

அரிசியையே எடுத்துக்கொள்வோம். நெல்லை வாங்கி, ஊறவைத்து, அவித்து, காயவைத்து, உரலில் குத்தி, படிக்கணக்கில் விற்றவர்கள் தஞ்சைப் பக்கத்துப் பெண்கள். தவிடும் குருணையும் உமியும்தான் அவர்களுடைய லாபம். எந்தப் பதம் வரை அவிப்பது, எந்த வெயிலில் எத்தனை நாழி காயப்போடுவது, எந்த நெல் எவ்வளவு அரிசி காணும் என்பதெல்லாம் அவர்களுடைய தொழிலறிவு. கைக்குத்தலைக் காப்பாற்றும் நோக்கமும் சேர்ந்துதான் 1958-இல் அரிசி ஆலைகளுக்கு உரிமம் விதிக்கும் சட்டம் வந்தது. ஆனாலும் ஆலைகள் பெருகின. 1997-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. ஆலை வைக்க உரிமம் வேண்டும், எந்திரம் வேண்டும், எந்திரத்துக்குக் கடன் வேண்டும், கடனுக்கு ஈடு வேண்டும், ஈடு என்றால் நிலம், நிலமோ ஆண்பிள்ளை பெயரில். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் ‘பெண்ணுக்குத் திறமையில்லை’ என்பது வரவேயில்லை. ஆனாலும் முடிவில் நெல் அவித்தவள் அதே ஆலையின் களத்தில் கூலிக்கு நெல் கிளறுகிறாள்.

வயலிலும் கதை இதுதான். நாத்து பறிச்சது, நட்டது, களை எடுத்தது எல்லாம் அவள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கும்போதோ சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். அங்கே ‘விவசாயி’ என்பது சிட்டாவில் உள்ள பெயர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுதும் சாகுபடி உடைமைகளில் பெண்கள் கையில் இருந்தவை சுமார் 14 சதவீதம்தான்.

‘அப்படியானால் பெண் பெயருக்கு நிலத்தை எழுதிவிட்டால் தீர்ந்ததா?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தஞ்சையில் பெண் பெயரில் நிலம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்தது; 1970-இல் அது 15 ஆனது. ஆனால் பெண்ணின் சீதன நிலம் என்றால் 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை தனியே வைத்துக்கொள்ள அதே சட்டம் வழிவிட்டது. சம்சாரத்தின் பெயர் இங்கே நிலத்தைப் பதுக்கும் குதிர் ஆனது. அந்த அம்மாளுக்குத் தன் நிலம் எந்தக் கரையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்து மட்டும் போதும்.

ஆக, வணிகம் செய்தவளுக்குப் பெயர் இல்லை. பெயர் இருந்தவளுக்கு வணிகம் இல்லை. சாதியும் வர்க்கமும் இந்த இரு பெண்களையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கின்றன. ஆனால் இருவரையும் முதலிலிருந்து விலக்கிவைக்கும் கை ஒன்றுதான்.

சட்டம் நகரவில்லை என்று சொல்ல மாட்டேன். பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமானவர்கள் விடுபட்டார்கள். 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த குழப்பத்தையும் தீர்த்தது. சட்டப்படி மகளும் பங்காளிதான்.

இதற்குக் குடும்பம் கண்டுபிடித்த பதில், அக்கா தங்கைகள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துப் பதிவு செய்யும் ஆவணம். அதன் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’. எந்தக் கவிஞனும் இப்படி ஒரு முரணை யோசித்திருக்க மாட்டான். “அண்ணன்கிட்ட போயி பங்கு கேக்குறதா? நாளைக்கி பொறந்த வீட்டு வாசப்படி மிதிக்க வேணாமா?” இந்த வாக்கியத்தைப் படித்த பெண்களிடமும் கேட்டிருக்கிறேன், வயலில் நிற்பவர்களிடமும் கேட்டிருக்கிறேன். வற்புறுத்தல் கண்ணுக்குத் தெரிவதில்லை, பாசமாகவே பேசுகிறது. கட்டிக்கொடுத்தபோது போட்ட நகையைக் கணக்குக் காட்டுகிறது. அந்த நகையோ பெரும்பாலும் புருஷன் வீட்டு வியாபாரத்துக்கு அடகுக்குப் போய்விட்டது.

பங்கை விட்டுக்கொடுத்தவளைத்தான் பிறகு சுயஉதவிக் குழுவில் சேர்க்கிறோம். 1989-இல் தருமபுரியில் தொடங்கி, 1997 முதல் ‘மகளிர் திட்டம்’ என்று மாநிலமெங்கும் பரவிய ஏற்பாடு இது. வட்டிக்காரனிடமிருந்து பல பெண்களை மீட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பின்னால் வந்த நுண்கடன் நிறுவனங்கள் ‘ஈடில்லாக் கடன்’ என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஈடு இருக்கிறது. அது அவளுடைய மானம். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் தெருவே கூடி வாசலில் உட்காரும் என்ற பயம்தான் அங்கே பத்திரம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் கூரையையும் பிடுங்கிப்போட்ட பிறகும் தவணை கேட்டு ஆள் வருவதாகப் பெண்கள் முறையிட்டார்கள். வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் ஒரு சட்டமே தேவைப்பட்டது. ஆணுக்கு நிலத்தின் மேல் கடன், பெண்ணுக்கு மானத்தின் மேல் கடன் என்றால் இரண்டையும் ஒரே ‘தொழில்முனைவு’ என்று எப்படிச் சொல்வது?

பெயரும் கையும் ஒருத்தியிடமே சேர்ந்தால் என்ன நடக்கும்? திருவையாற்றில் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1920களில் தன் சம்பாத்தியத்தில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். தேவதாசி மரபில் வந்தவர் என்பதால் தன் சொத்தைத் தானே ஆள முடிந்தது. அப்படியும் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றார்கள் வித்வான்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில்தான் எல்லாத் தரப்பும் ஒன்றாகி, பெண்களுக்கும் இடம் வந்தது. பணம் மட்டும் கதவைத் திறக்கவில்லை. ஆனால் அந்த மண் அவர் வாங்கியது என்பதால் அவரை வெளியே தள்ளவும் முடியவில்லை.

இன்னொரு உதாரணம் கீழத்தஞ்சை. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு அங்கே வந்த கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதார்களிடம் நிலத்தை விலைபேசி வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பிரித்து, பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். உச்சவரம்புக்குத் தப்பப் பெண் பெயரைப் பயன்படுத்திய அதே மண்ணில், நட்ட கைக்கே பெயர் வந்தது. காந்தியவழி நிலமாற்றத்தின் எல்லைகளைப் பற்றி நமக்கு விவாதம் இருக்கலாம். ஆனால் பயிற்சி முகாம்கள் தொடாத முடிச்சை அது தொட்டது.

2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வாங்குகிறவளுக்கு இது நல்லதுதான். பிறப்பாலேயே பங்குள்ளவள் அந்தப் பங்கை எழுதிக்கொடுக்க அதே அலுவலகத்துக்கு வருகிறாள். அவளுக்குத் துணையாக அண்ணனும் பத்திர எழுத்தரும் சாட்சிகளும் இருக்கிறார்கள், “யோசிச்சுதான் போடுறியா?” என்று கேட்க ஒருவருமில்லை. பெண் தொழில்முனைவு பற்றிப் பேச விரும்புகிறவர்கள் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.