ஒதுக்கப்பட்ட நாவல்களுக்கு ஒரு துணை

ஜி. நாகராஜனின் ‘குறத்தி முடுக்கு’ 1963இல் வந்தபோது அதை வெளியிட்டது அவரே நடத்திய பித்தன் பட்டறை. பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் கண்ணீரோ கண்டனமோ இல்லாமல் எழுதிய குறுநாவல் அது. 1974இன் ‘நாளை மற்றுமொரு நாளே’ கந்தன் என்ற தரகனின் ஒரு நாளைச் சொல்கிறது. இன்று எந்தத் தேர்ந்த வாசகரின் பட்டியலிலும் இவை உண்டு. இவற்றுக்காக வாதாடியவர்களில் சுந்தர ராமசாமி முக்கியமானவர். ஆனால் இத்தகைய எழுத்துக்கு வாழ்நாளையே கொடுத்தவர் என்று நான் கருதுவது விமர்சகர் சி. மோகனைத்தான்.

1952இல் மதுரையில் பிறந்த மோகன், நாகராஜனோடு பழகியவர். 1981இல் அரசு மருத்துவமனையில் நாகராஜன் இறந்ததற்கு முந்தைய நாட்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். குடி, கஞ்சா, அலைச்சல் என்று ஆளைச் சுற்றிக் கதை வளர வளர நூல் பின்னுக்குப் போய்விடும். மோகன் ஆளை நேசித்தார். வாசகனை நூலிடம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சம்பத்தின் ‘இடைவெளி’ நாவல் விஷயத்தில் அவர் செய்தது இன்னும் பெரிது. சாவு என்றால் என்ன என்ற ஒரே கேள்வியில் சிக்கிக்கொண்ட தினகரனின் கதை. குடும்பக் கதை வாசித்துப் பழகியவர்களுக்கு அது பிடிபடாத எழுத்து. க்ரியா பதிப்பகத்தில் பணியாற்றிய மோகன் அந்தப் பிரதியோடு உட்கார்ந்து அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். 1984இல் நூல் வெளிவந்தபோது சம்பத் உயிரோடு இல்லை. விமர்சகன் பிழை திருத்துபவனாகவும் பதிப்பாசிரியனாகவும் மாற வேண்டியிருந்தது. அந்த உழைப்பு விமர்சன வரலாற்றில் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

மதுரை ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக வாழ்ந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யையும் மோகன் விடாமல் முன்னிறுத்தினார். 1972இல் வந்த அந்த நாவல் பரவலான கவனம் பெறப் பல வருடங்கள் ஆயின.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்து பார்த்தால், நாவலுக்குத் துணை நிற்கும் விமர்சனம் இல்லாத பிரச்சினை பழையதில்லை. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது 2014 டிசம்பரில். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் பேச்சுவார்த்தை நடந்தது. எழுத்தாளர் எழுத்தையே துறப்பதாக அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பு எழுத்தாளரின் எழுதும் உரிமையைக் காத்தது. ஒரு நாவலை எப்படி வாசிப்பது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலையில்லை. நாவல் வந்ததற்கும் எதிர்ப்பு கிளம்பியதற்கும் இடைப்பட்ட நான்கு வருடங்களில் அந்த நாவலை ஊர் மக்களுக்கு எடுத்துச் சொல்லும் விமர்சனம் இந்த வட்டாரத்தில் வேரூன்றியிருந்தால், அதிலிருந்து துண்டாக நகலெடுத்த பக்கங்கள் அத்தனை எளிதாக ஆட்களைத் திரட்டியிருக்காது என்றே நம்புகிறேன்.

இத்தகைய விமர்சனம் தேவைப்படும் எழுத்து இதே வட்டாரத்தில் இன்னும் உண்டு. மேட்டூர் பக்கத்து ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ இதழ் நடத்தும் மு. ஹரிகிருஷ்ணனின் கதைகளில் கூத்துக் கலைஞர்களின் பேச்சு எந்த வடிகட்டலும் இல்லாமல் வருகிறது. சேலம், நாமக்கல் கல்லூரிகளில் தமிழ் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: அவருடைய ‘நாயி வாயிச்சீல’யையும் பெருமாள்முருகனின் ‘பீக்கதைக’ளையும் தலைப்பைக் கண்டு ஒதுக்காதீர்கள். வரிவரியாக வாசித்து எழுதுங்கள்.