குறியேற்ற வடிவமைப்பும் தமிழ் எழுத்திலக்கணமும்

மென்பொருள் வகுப்போர் முன்னூல்களைக் கற்றுத் தொடங்குதல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எம்மொழியின் முன்னூல் என்பதே தமிழைப் பொறுத்தவரை எழும் வினா. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991இல் வெளியிட்ட 'இஸ்கி' குறியேற்றம், பிராமியிலிருந்து கிளைத்த வரிவடிவங்களின் பொதுமையை அடிப்படையாகக் கொண்டது. ஓர் ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே இடம் என்னும் அவ்வேற்பாடு எழுத்துப்பெயர்ப்பை எளிதாக்கிற்று. அதன் பயன் மறுக்கத்தக்கதன்று. இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியே அதே 1991இல் யூனிகோடின் முதற் பதிப்பிலும் தமிழ் இடம்பெற்றது. ஆயின் இவற்றில் அளவுகோலாக அமைந்தது தேவநாகரி நெடுங்கணக்கே.

தொல்காப்பியம் புள்ளி பெற்ற மெய்யை இயல்பாகக் கொண்டு, புள்ளி நீங்கி உயிர் ஏறுவதை உயிர்மெய் என்கிறது. குறியேற்றமோ அகர உயிர்மெய்யை முதலாகக் கொண்டு, புள்ளியைப் பின்னர் ஏற்றுகிறது. இதனால் 247 எழுத்துகளுள் உயிர் 12, அகர உயிர்மெய் 18, ஆய்தம் 1 என 31 மட்டுமே தனிக் குறியெண் பெறுகின்றன. தனிமெய் உட்பட ஏனைய 216 எழுத்துகளும் கூட்டுக் குறிகளாகின்றன.

இது வெறும் எண்ணிக்கைச் சிக்கல் அன்று. அவன் + அது = அவனது என்னும் புணர்ச்சியில் னகரத்தின் புள்ளி நீங்குகிறது; உருபின் முதலெழுத்தாகிய அகரத்திற்கோ குறியெண்ணே இல்லை. சேமித்த தொடரில் 'அது' என்னும் உருபைத் தேடும் நிரல் அதனைக் காணாது. அச்செழுத்திலும் அவ்வகரம் புலப்படுவதில்லை என்பர் சிலர். அது மெய்யே, எனினும் பகுப்பாய்வுக்குரிய கருவி வரிவடிவத்தோடு நின்றுவிடலாகாது. உருபனியல் பகுப்பான் செய்வோர் சொல்லை முதலில் மெய்யும் உயிருமாகப் பிரித்து எழுதிக்கொள்வது இதனாலேயே. இலக்கணம் முன்னரே செய்து வைத்த பிரிப்பு அது.

வரிசையும் பிறழ்ந்தது. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களும் நின்று, வகரம் அவற்றின் பின் வருகிறது. குறியெண் வழி அடுக்கினால் 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னும் அமையும். அகராதி முறை இதற்கு நேர்மாறு.

தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தரும் 'டேஸ்-16' முறையையும் ஏற்றது. இலக்கணத்திற்கு அணுக்கமானது அதுவே. ஆனால் அது யூனிகோடில் தனிப்பயன்பாட்டிற்கென விடப்பட்ட பகுதியில் அமைந்தமையால் பொதுப் பரிமாற்றத்திற்கு உதவவில்லை; அதற்குள் திரண்டுவிட்ட தரவுகளும் ஒரு முன்னாக்கமே என்பதை அதன் ஆதரவாளர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. யூனிகோடில் ஒருமுறை அளித்த குறியெண் மாற்றப்படுவதில்லை. ஆகவே தமிழ் அகரவரிசை இன்றும் குறியெண்ணிலிருந்து அன்றி, தனியே வகுத்த வரிசை அட்டவணையிலிருந்தே பெறப்படுகிறது.