சந்தையும் கமராவும்: சமர்க்கந்துப் புகைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

யார், யாரைப் பற்றி, யாருக்காக எழுதுகின்றார் என்னும் வினாக்கள் இலக்கிய விமரிசனத்தில் இன்று பழகிப் போனவை. ஆனால், புகைப்படமொன்றைக் கண்டதும் இவ்வினாக்கள் ஏனோ வாயடைத்துப் போகின்றன. கமரா என்பது வெறும் இயந்திரம், அது கண்டதைக் காட்டுகின்றது என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம் எனலாம். இந்நம்பிக்கை எத்துணை ஆட்டங் காணக்கூடியது என்பதை உணர்வதற்கு, மத்திய ஆசியச் சந்தைகளில் எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்களைப் போன்று வாய்ப்பான சான்றுகள் வேறில்லை.

இவற்றுள் மிகவும் பிரசித்தமானவை செர்கேய் புரோகுடின்-கோர்ஸ்கி (1863-1944) எடுத்த வண்ணப் படங்களாகும். 1909இல் ஜார் இரண்டாம் நிக்கலஸைச் சந்தித்து ஆதரவு பெற்ற இவர், இருட்டறை பொருத்தப்பட்ட புகையிரதப் பெட்டியொன்றுடன் பேரரசின் பல மூலைகளுக்கும் சென்றவர். சமர்க்கந்தில் அவர் எடுத்த படங்களுள் இரண்டினைப் பலரும் கண்டிருப்பர். ஒன்றில் முலாம்பழங்களின் நடுவே தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த விற்பனையாளர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். மற்றையதில் பட்டும் பருத்தியும் கம்பளமும் அடுக்கிய கடையில் துணி வணிகர் ஒருவர். அவரது தலைக்கு மேலே சட்டமிட்ட குர்ஆன் பக்கமொன்று தொங்குகின்றது. நேற்று எடுத்தது போன்றல்லவா இருக்கின்றன என வியப்பதே இப்படங்களைக் காண்போரின் வழக்கமாகும்.

அவ்வியப்பில் ஏமாற்றமும் கலந்துள்ளது. சந்தையின் உயிர் அசைவிலே உள்ளது. விலை கேட்பவன், விலகுபவன், திரும்பி வருபவன், எடை போடும் கை, கழுதையை அதட்டும் குரல் என்பனவின்றிச் சந்தை ஏது? புரோகுடின்-கோர்ஸ்கியின் முறையோ அசைவினைப் பொறுக்க மாட்டாதது. அவரது கமராவில் வண்ணப் படலம் எதுவும் இல்லை. ஏறத்தாழ மூன்று அங்குல அகலமும் ஒன்பது அங்குல நீளமும் கொண்ட கண்ணாடித் தகடொன்றில் நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகளின் ஊடாக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கறுப்பு வெள்ளைப் பதிவுகள் செய்யப்படும். பின்னர் அம்மூன்றினையும் அவ்வவ் வண்ண ஒளியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தும்போதே வண்ணம் தோன்றும். இதற்கிடையில் ஒருவர் தலையைத் திருப்பினால் அவர் மூன்று நிறப் பேய்களாகச் சிதறிப் போவார். ஆகவே, இப்படங்களில் தெளிவாக நிற்பவர்கள் அசையாதிருக்க உடன்பட்டவர்கள் மாத்திரமே. சந்தை அங்கு இல்லை; சந்தையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு மனிதரும் அவரது பண்டங்களுமே உள்ளன.

இவ்விடத்தில் அவசரத் தீர்ப்பு ஒன்றுக்குச் சென்றுவிடுதல் எளிது. ஏகாதிபத்தியக் கண் சந்தையைக் காட்சிப்பொருளாக உறைய வைத்தது என ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். அவ்வாறு எழுதுவோரும் உளர். எனினும், அதே தொழில்நுட்பத் தடை மறுபுறமாகவும் வேலை செய்துள்ளது. களவாகப் படமெடுத்தல் இம்முறையில் இயலாத காரியம். விற்பனையாளர் எடுப்பவரைக் கண்டிருக்கின்றார். என்ன நடக்கின்றது என்பதை ஓரளவேனும் அறிந்திருக்கின்றார். தாம் விரும்பியவாறோ சொல்லியவாறோ அமர்ந்து, மூன்று பதிவுகளும் முடியும்வரை அவ்வாறே இருந்திருக்கின்றார். துணி வணிகரின் இருப்பில் தெரியும் வீட்டுத் தலைவனுக்குரிய நிதானம் புகைப்படக்காரர் கொடுத்ததன்று. இன்றைய சுற்றுலாப் பயணி தூரக் கண்ணாடியால் தெருவின் மறுபுறத்திலிருந்து பறித்துச் செல்லும் முகத்தில் இந்த நிதானத்தைக் காண முடியாது.

அப்படியாயின் பிரச்சினை எங்கே உள்ளது? படத்திலன்று, படத்தின் பெயரிலே உள்ளது. 1909இல் வட ருஷ்யாவின் மரியின்ஸ்கி நீர்வழியில் மதகுக் காவலர் ஒருவரைப் படமெடுத்த புரோகுடின்-கோர்ஸ்கி, பின்ஹுஸ் கார்லின்ஸ்கி, வயது 84, சேவை 66 ஆண்டு எனக் குறித்து வைத்தார். 1910இல் யூரல் பிரதேசத்து ஸ்லாத்தூஸ்த் நகரின் முதிய தொழிலாளியான கல்கானொவும் பெயருடனேயே பதிவாகியுள்ளார். அவர்கள் இருவரும் சாதாரண உழைப்பாளிகள். ஆயின், சமர்க்கந்துக்கு வந்ததும் இவ்வழக்கம் மறைகின்றது. முலாம்பழ விற்பனையாளர், துணி வணிகர், தண்ணீர் சுமப்பவர் எனத் தொழிலே பெயராகின்றது. 1911இல் எடுக்கப்பட்ட புகாரா அமீர் ஆலிம் கானுக்குப் பெயருண்டு, அவர் ஆள்பவர். அமீருக்கும் பழக்காரருக்கும் ஒரே கண்ணாடி, ஒரே ரசாயனம், ஒரே ஒளி. பெயர் மட்டும் ஒருவருக்கே.

இப்பழக்கம் புரோகுடின்-கோர்ஸ்கியுடன் தொடங்கியதன்று. 1865இல் தாஷ்கந்தும் 1868இல் சமர்க்கந்தும் ருஷ்யப் படைகளிடம் வீழ்ந்தன. தேசாதிபதி கவுஃப்மனின் ஆணைப்படி 1871-72இல் தொகுக்கப்பெற்ற துர்க்கெஸ்தான் தொகுப்பில் ஏறத்தாழ 1,200 புகைப்படங்கள் உள்ளன. தொல்லியல், இனவியல், தொழில், வரலாறு என நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்ட அதில், தெரு வணிகர்கள் இனவியல் மாதிரிகளாக அணிவகுக்கின்றனர். ஏறக்குறைய அதே காலத்தில், 1868 முதல் 1875 வரை, பிரித்தானியர் இந்திய மக்களை எட்டுத் தொகுதிகளில் இவ்வாறே வகைப்படுத்தினர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கொழுந்து கொய்யும் பெயரற்ற பெண்ணின் படத்தைத் தாங்கிய பழைய இலங்கை அஞ்சலட்டைகளைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

துணிக்கடைக்கு மீண்டும் வருதல் வேண்டும். 1888இல் இருப்புப்பாதை சமர்க்கந்தை அடைந்தது. துர்க்கெஸ்தானின் பருத்தி ருஷ்ய ஆலைகளுக்குச் சென்றது. அங்கு அச்சிடப்பெற்ற சீத்தைத் துணி, உள்ளூர் விருப்பத்துக்கேற்ற கோலங்களுடன் அதே சந்தைகளுக்குத் திரும்பி வந்தது. அக்கடையின் அடுக்குகளில் எது உள்ளூர்த் தறியின் பட்டு, எது ஆலையின் பருத்தி என்பது வாங்குபவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். படத்தில் எல்லாமே ஒரே கீழைத்தேய வண்ணக் குவியலாகின்றன. பொருளாதாரத்தை அலங்காரமாக மாற்றும் இவ்வித்தையே அப்படத்தின் மிகப் பெரிய குறைபாடு எனல் தகும். அதன் அழகும் அதுவே என்பதை மறைப்பது நேர்மையாகாது.

புரட்சிக்குப் பின்னர் கமரா கைக்கடக்கமானது. மக்ஸ் பென்சன் (1893-1959) அத்தலைமுறையின் தலைசிறந்த கலைஞர். 1914ஐ அடுத்து கோக்கந்துக்கு வந்து, சித்திர ஆசிரியராகவிருந்து, பின்னர் தாஷ்கந்துப் பத்திரிகையான பிராவ்தா வஸ்தோக்காவில் பணிபுரிந்தவர். அவரது படங்களில் மனிதர் ஓடுகின்றனர், குனிகின்றனர், சிரிக்கின்றனர். 1939இல் பெர்கானாப் பெருங்கால்வாய் வெட்டப்பட்டபோது அவர் எடுத்த மனிதத் திரள்களின் ஆற்றல் மறுக்க முடியாதது. உழைப்பவனைக் காட்சியின் மையத்துக்குக் கொணர்ந்த பெருமை அவருக்குண்டு. எனினும் முற்போக்கு என்ற ஒரே காரணத்துக்காக அவரை விமரிசனத்துக்கு அப்பால் வைத்தல் தகாது. இவரது மனிதர்களுக்கு அசைவு உண்டு. ஆனால், அவர்கள் எத்திசையில் அசைய வேண்டும் என்பது பத்திரிகை அலுவலகத்தில் முன்னரே முடிவாகியிருந்தது. பருத்தி வயலின் சிரிப்பு அச்சேறியது, களைப்பு அச்சேறவில்லை. பேரம் பேசும் கிழவனின் தந்திரச் சிரிப்புக்கு அப்பக்கங்களில் அதிக இடம் இருந்திருக்க முடியாது.

இவ்விருவருக்கும் முன் உதாரணமாகவும் எதிர் உதாரணமாகவும் நிற்பவர் கீவா நகரத்துக் குதாய்பெர்கன் தெவானொவ். கீவா அருகே குடியேறிய ஜேர்மன் மொழி பேசும் மெனோனைற் கிறிஸ்தவர்களுள் ஒருவரான வில்ஹெல்ம் பென்னரிடம் புகைப்படக்கலை பயின்றவர். முதல் உஸ்பெக் புகைப்படக்காரர் எனக் கொள்ளப்படுபவர். தாம் படமெடுத்தோரின் மொழியையே பேசியவர். உள்ளூரவர் கை கமராவைத் தொட்டதும் உண்மை தானே வந்து அமர்ந்துவிடும் என எண்ணிவிடலாகாது; அவரும் கானின் அரசவைக்கு அணுக்கமானவர்தாம். ஆனால், தம்மைப் படமெடுத்தவனின் பெயரும் வீடும் கீவாவினர்க்குத் தெரியும். படம் பிடிக்கவில்லையென்றால் அவனது கதவைத் தட்டி ஏசலாம். சமர்க்கந்துப் பழக்காரருக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. தெவானொவ் ஸ்டாலின் காலக் களையெடுப்புக்குப் பலியானார்.

புரோகுடின்-கோர்ஸ்கி 1918இல் ருஷ்யாவை நீங்கிப் பாரிசில் மறைந்தார். எஞ்சிய 1,902 கண்ணாடித் தகடுகளை அவரது வாரிசுகளிடமிருந்து 1948இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கியது. இன்று கணினி மூலம் மூன்று பதிவுகளும் பிசகின்றிப் பொருத்தப்படுகின்றன. திருத்துவோர் சிலர் ஒருபடி மேற்சென்று, அசைந்தவர்களைச் சூழ்ந்த நீல, சிவப்பு விளிம்புகளையும் துடைத்து விடுகின்றனர். படம் தூய்மையாகின்றது, உட்கார மறுத்தவன், குறுக்கே நடந்தவன், பொறுமையிழந்த சிறுவன் ஆகியோர் விட்டுச் சென்ற ஒரே தடயம் அழிகின்றது. துடைக்கப்படாத தகட்டில் பழக்காரரும் ஒருவராக இல்லை. மேலிருந்து கீழாக மூன்று முறை, கறுப்பு வெள்ளையில், மூன்று வெவ்வேறு கணங்களில் அமர்ந்திருக்கின்றார்.