எழுத்து ஓடும் நேரம்

படம் தொடங்கும்போது பெயர் போடுவது சடங்காகவும் முடிந்துவிடலாம், கதையின் முதல் வேலையாகவும் ஆகலாம். ஹாலிவுட்டில் 1950கள் வரை பெரும்பாலும் சடங்குதான். பெயர் ஓடி முடியும்வரை திரைச்சீலையைக்கூட விலக்காத தியேட்டர்கள் அங்கே இருந்தன.

அந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் வரைகலைஞர் சால் பாஸ். ஓட்டோ பிரெமிஞ்சரின் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' (1955) போதை ஊசிக்கு அடிமையான ஒருவனின் கதை. கறுப்புத் திரையில் வெள்ளைப் பட்டைகள் நீண்டு, கலைந்து, கடைசியில் கோணல்மாணலான ஒரு கையாகின்றன. கதையின் நோவு முழுவதும் அந்தக் கையில் இருக்கிறது. 'சைக்கோ'வில் (1960) பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்து எழுத்துகளையே துண்டாக்குகின்றன. பெர்னார்ட் ஹெர்மனின் நரம்பிசையும் சேர்ந்துகொள்ள, ஒரு பாத்திரம் தலைகாட்டுமுன்பே பதற்றம் தொற்றிவிடுகிறது.

தமிழில் வரைகலை நட்சத்திரத்தை வரவேற்கவும் பயன்பட்டது. 'அண்ணாமலை'யில் (1992) புள்ளி புள்ளியாகச் 'சூப்பர் ஸ்டார்' உருவாக, தேவாவின் இசை உடன் ஒலிக்கும். கதையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கொண்டாட்டத்தைத் தொடங்கி வைப்பதே அதன் வேலை, அதை நிறைவாகச் செய்தது.

காட்சியின் மேலேயே எழுத்தை ஓடவிடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) இதற்குச் சரியான சோதனைக்களம். ஒரு கை வெடிகுண்டின் நேரத்தைத் திருகி வைக்கிறது. குண்டு காரின் பின்பெட்டிக்குள் போகிறது. மெக்சிகோவிலிருந்து அமெரிக்க எல்லையை நோக்கி ஊர்ந்து செல்லும் அந்தக் காரைக் கேமரா மூன்று நிமிடங்களுக்கும் மேலாக வெட்டே இல்லாமல் தொடர்கிறது. ஸ்டூடியோ அதன்மேல் பெயர்களை அச்சிட்டு, ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றியது. பார்ப்பவரின் கண் காரைத் தேடுவதா, பெயரைப் படிப்பதா என்று தடுமாறியது. வெல்ஸ் எழுதிவைத்த குறிப்பின்படி வால்டர் மர்ச் 1998இல் மறுபடத்தொகுப்பு செய்தபோது பெயர்களும் இசையும் நீங்கின. தெருவின் இரைச்சல் மட்டும் மிஞ்ச, குண்டின் மேலிருந்து கவனம் விலகவே இல்லை. வெல்ஸ் சொன்னதே சரி.

அப்படியானால் காட்சிமேல் எழுத்து கூடாதா? செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) அதே முறையை வெற்றியாக்கிக் காட்டுகிறது. ரயிலுக்காக மூன்று துப்பாக்கிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். காற்றாலை கிறீச்சிடுகிறது. அவர்களில் ஒருவராக நடித்த வுடி ஸ்ட்ரோடின் தொப்பியில் நீர் சொட்டுகிறது. இன்னொருவரான ஜாக் ஈலமின் முகத்தில் ஈ மொய்க்கிறது. பின்னணி இசையே கிடையாது. வெல்ஸின் காட்சியில் நேரம் போதவில்லை. இங்கே நேரம் நகர மறுக்கிறது. அதனால் சாவகாசமாக வந்துபோகும் பெயர்களும் காத்திருப்பின் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

பெயர்களை முடிவுக்குத் தள்ளிவிடுவது இன்னொரு வழி. 'ஸ்டார் வார்ஸ்' (1977) முன்கதையை மட்டும் எழுத்தாக மேலேற்றிவிட்டு நேரே விண்வெளிப் போருக்குள் நுழைகிறது. அதன் தொடர்ச்சியான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980) படத்தில் இயக்குநர் பெயரைத் தொடக்கத்தில் போடாததற்காக அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் படத்தை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் தரப்புக்கு அபராதம் விதித்தது. லூகாஸ் பணத்தைக் கட்டிவிட்டுச் சங்கத்திலிருந்தே விலகினார்.