யார் தோளில் சுமை?

பாவிகளிலும் பெரும் பாவிக்கு இரக்கம் உண்டு என்பது கிறிஸ்தவ ஜெபத்தின் உயிர். இதைக் கேட்டதும் பெரும் பாவி என்று நாம் நினைப்பது வேறு யாரையாவதுதான். ஜான் பன்யன் அப்படி நினைக்கவில்லை. 1666-இல் வெளியான சுயசரிதையின் தலைப்பிலேயே பெரும் பாவி என்று அவர் தம்மைத்தான் சொல்லிக்கொண்டார். 1678-இல் வந்த 'மோட்சப் பிரயாண'த்தில் கதாநாயகன் தன் பாவச் சுமையைத் தன் முதுகிலேயே தூக்கிக்கொண்டு நடக்கிறான். சிலுவையடியில் அது கழன்று விழுகிறது.

அந்தக் கதையைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். வைஷ்ணவராகப் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் கையில் அந்த இரக்கம் அந்நியச் சரக்காக இல்லை. சரணாகதி என்று நாம் அறிந்த உணர்ச்சியின் குரலில் பேசுகிறது. ஜவ்வாது மலைக்குப் பக்கத்தில், திருப்பத்தூரில் 1921-இல் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமம் கோபுரத்தோடு ஜெபாலயம் கட்டியது. அவர் செய்யுளில் செய்ததை அது கல்லில் செய்தது எனலாம்.

ஆனால் அந்த மலையை நினைத்துக்கொண்டு காவியத்தைப் படித்தால் ஓரிடத்தில் மனம் இடறுகிறது. அவரவர் சுமை அவரவர் முதுகில் என்பது காவியத்தின் கணக்கு. மலையின் கணக்கு வேறு. ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டிச் சுமக்கக் கூலிக்குப் போனவர்களில் ஜவ்வாது மலைக்காரர்கள் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 தமிழர்கள் மாண்டார்கள். அவர்களிலும் இம்மலைக்காரர்கள் இருந்தார்கள். தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றார்கள் மனித உரிமைக்காரர்கள். எது எப்படியானாலும் செம்மர வியாபாரத்தில் கட்டை கூலிக்காரன் தோளில், லாபம் முகம் தெரியாத முதலாளியின் பெட்டியில்.

அந்த முதலாளியும் ஜெபிக்கக்கூடும். அவர் முதுகில் சுமை இல்லை. ஆகவே இறக்கி வைக்கவும் ஒன்றும் இல்லை. பெரும் பாவி யார் என்று கேட்டால் அவர் மலையைக் காட்டுவார்.

அவருக்கு இரக்கம் உண்டா? லூக்கா சொல்லும் சகேயு கதையில் பதில் இருக்கிறது. வரி வசூலில் பணக்காரனானவன் சகேயு. இயேசு அவனைக் கண்டிக்கவில்லை. அவன் வீட்டுக்கே போகிறார். அவனாக எழுந்து, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாந்தவர்களுக்கு நாலு மடங்கு என்கிறான். இரக்கம் முந்திக்கொண்டது; கணக்கு பின்னால் வந்தது. ஆனால் வந்தது.

பன்யனின் சுமை விழுந்தால் போதும். சகேயுவின் சுமையை, யாரிடம் எடுத்தானோ அவர் வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மாண்ட 20 பேருக்கு நாலு மடங்கு என்றால் எவ்வளவு? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் ஒரு நாவல் தமிழுக்கு வேண்டும்.