விடுபட்ட அடிகளும் விடுபட்ட உறுப்புகளும்

1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. யாப்பில் தோய்ந்த அவருக்கு அந்த இடங்களை இட்டு நிரப்புவது இயலாத செயலன்று. அவர் நிரப்பவில்லை. சிதைந்த இடத்தில் புள்ளியிட்டார். இல்லாத பாடலின் எண்ணை இல்லாததாகவே விட்டார். உறுப்புகள் காணாமல்போன பழைய கணினியை மீட்பவரையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். இயந்திரம் இயங்குகிறதா என்பது இரண்டாவது கேள்வி. எது அசல், எது பின்னர் சேர்த்தது என்று அடுத்த தலைமுறை பிரித்தறிய முடியுமா என்பதே முதற்கேள்வி. அதை முன்வைத்துப் புகழ்பெற்ற மூன்று மீட்புகளை எடைபோடலாம்.

முதலாவது, பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் டோனி சேல் 1993இல் தொடங்கிய கொலோசஸ் பணி. டாமி ஃபிளவர்ஸ் வடிவமைத்த இரண்டாம் உலகப் போர்க்காலக் கணினி அது. போர் முடிந்ததும் கொலோசஸ் கணினிகளில் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. சேலுக்கு எஞ்சியவை 1945ஆம் ஆண்டின் எட்டு ஒளிப்படங்களும், பொறியாளர்கள் பத்திரப்படுத்தியிருந்த மின்சுற்று வரைபடங்களின் துண்டுகளும் மட்டுமே. துளை நாடாவை ஒளியால் படிக்கும் பகுதியை, அதை முதலில் வடிவமைத்த ஆர்னால்ட் லிஞ்ச் உயிரோடு இருந்து மீண்டும் வகுத்துக் கொடுத்தார். 1996இல் இயந்திரம் இயங்கிக் காட்டியது. இரண்டாம் வகைக் கொலோசஸாக 2007இல் முழுமை பெற்றது. சான்று திரட்டுவதில் சேல் காட்டிய உழைப்புக்கும், வடிவமைத்தவர்கள் மறையுமுன் அவர்கள் நினைவைப் பதிவாக்கிய முன்யோசனைக்கும் இத்துறையில் இணை சொல்வது கடினம். ஆனால் கையில் அசல் இயந்திரம் இல்லாத பணியை மீட்பு என்று வகைப்படுத்த முடியாது. அது தக்க சான்றுகளின் மேல் எழுந்த மறுபடைப்பு. வடிவமைப்பைப் பற்றி அது உறுதியாகப் பேசும். 1944இன் உலோகத்தைப் பற்றியும், அன்றைய கைகள் இட்ட பற்றாசைப் பற்றியும் அதனால் எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஹார்வெல் டெகட்ரான். 1951இல் பிரிட்டனின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் இயங்கத் தொடங்கி, பின்னர் வுல்வர்ஹாம்ப்டன் கல்லூரியில் ‘விட்ச்’ என்ற பெயரில் பாடம் நடத்தி, 1973இல் ஓய்வுபெற்றது. எடை இரண்டரை டன்; எண்களைத் தேக்கிவைக்கும் 828 டெகட்ரான் குழாய்கள், நூற்றுக்கணக்கான ரிலேக்கள். கணினிப் பாதுகாப்புச் சங்கத்தின் குழு 2009இல் பணியைத் தொடங்கி 2012 நவம்பரில் இயக்கிக் காட்டியது. இங்கே முறையே சாதனை. அசல் உறுப்பைத் துடைத்து, சோதித்து, முடிந்தவரை அதையே வைத்தார்கள். மாற்றியே தீர வேண்டிய இடத்தில் மட்டும் மாற்றினார்கள். ஒரு பெருக்கலுக்குச் சில நொடிகள் எடுக்கும் அதன் நிதானத்தையும் திருத்த முயலவில்லை. குறை ஒன்று உண்டு. அது இயக்கிக் காட்டும் எல்லா மீட்புக்கும் பொதுவானது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் ரிலேயின் தொடுமுனை தேய்கிறது. காட்சிக்காகச் சான்று கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. இருந்தாலும் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த டெகட்ரான் குழாய் ஓடினால்தான் சீர்படும். ஆகவே ஓட்டுவதும் பராமரிப்பின் பகுதி என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது, வொர்க்ஸ்டேஷன் என்ற இனத்துக்கே முன்னோடியான ஜெராக்ஸ் ஆல்டோ. சக் தாக்கர் 1973இல் வடிவமைத்தது. 606க்கு 808 புள்ளிகள் கொண்ட நெடுக்குத் திரை, இரண்டரை மெகாபைட் கழற்று வட்டு. ஆலன் கே தந்த ஒரு ஆல்டோவை கென் ஷிரிஃப், மார்க் வெர்டியெல் உள்ளிட்ட குழுவினர் 2016இல் மீட்டனர். எடுத்த எடுப்பில் மின்சாரம் கொடுக்கவில்லை. மின்வழங்கியைத் தனியே கழற்றிச் சோதித்த பிறகே மேலே சென்றார்கள். லாஜிக் அனலைசரை இணைத்து மைக்ரோகோடை அடி அடியாகப் பின்தொடர்ந்து பழுதைத் தேடினார்கள். வட்டின் வேலையைச் செய்ய எஃப்பிஜிஏ எனும் நிரலமைக்கத்தக்க சில்லு கொண்ட கருவி ஒன்றைப் புதிதாக உருவாக்கினார்கள். அந்தக் கருவி வெளியே இணைவது. கழற்றினால் ஆல்டோ பழையபடி ஆல்டோ. தோல்விகளையும் மறைக்காமல் பகிரங்கமாக எழுதிவைத்தது இக்குழுவின் தனிச்சிறப்பு. ஆயினும் அந்தப் பதிவு நாள்வாரிக் கதையாக அமைந்தது. எந்தச் சில்லு அசல், எது மாற்று என்று ஒரே இடத்தில் காட்டும் உறுப்புப் பட்டியலின் தேவையைக் கதை, எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், நிறைவு செய்யாது.

பெரிய இயந்திரங்களோடு இந்த அளவுகோல் நின்றுவிடுவதில்லை. 1989இல் வந்த சன் ஸ்பார்க்ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். அதன் என்விராம் நினைவகச் சில்லுக்குள்ளேயே மின்கலம் புதைந்திருக்கிறது. அது தீர்ந்தால் இயந்திரம் தன் அடையாள எண்ணையும் ஈதர்நெட் முகவரியையும் மறந்துவிடும். சில்லின் மேலோட்டை அறுத்து வெளியே புதுக் கலம் பொருத்துவோர் உண்டு. புதிய சில்லை வைத்து எண்ணை எழுதுவோரும் உண்டு. முன்னது அசலைக் காயப்படுத்திக் காப்பாற்றுகிறது. பின்னது காயமின்றி அகற்றுகிறது. இரண்டும் ஏற்கத்தக்கவையே, பழைய எண் எது, இட்ட எண் எது என்று குறித்துவைத்தால். இதே ஸ்பார்க்ஸ்டேஷனின் ஒளி மவுஸ், நுண்கோடுகள் பதித்த தனிப் பலகை இல்லாவிட்டால் நகராது. பலகை கிடைக்காதவர் வேறு மவுஸ் இணைத்துப் பெட்டியை ‘முழுமையானது’ என்று காட்சிக்கு வைத்தால், அது புள்ளியிட வேண்டிய இடத்தில் சொந்த அடியைச் செருகியதற்குச் சமம்.

இந்தக் கண்டிப்பு எங்கள் வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. 1990களில் சிவகாசியிலும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அச்சகங்களுக்குள் நுழைந்த டிடிபி கணினிகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரிதும் விடுபடும் உறுப்பு இரும்பில் இல்லை, எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோடு பரவுமுன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றத் தரங்களை முன்வைத்த பிறகும் பழைய கோப்புகள் பழைய முறையிலேயே கிடந்தன. எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் இல்லாவிட்டால் வட்டில் இருக்கும் நூல் வெறும் குறிக்குவியல். பளபளவென்று துடைத்து இயக்கிய கணினியில் அந்த இரண்டும் இல்லையென்றால் அதை அரைகுறை மீட்பு என்றே மதிப்பிட வேண்டும்.

தீர்ப்பு இது. சான்றாராய்ச்சியில் கொலோசஸ் முதலிடம். பழுதாய்வு முறையிலும் வெளிப்படைத் தன்மையிலும் ஆல்டோ முதலிடம். மீட்பு என்ற சொல்லுக்குரிய முழுத் தகுதியில் ஹார்வெல் டெகட்ரான் மற்ற இரண்டையும் விஞ்சுகிறது. இயக்குவதற்கு ஆசைப்பட்டு அசலை இழக்கவும் இல்லை. அசலுக்கு அஞ்சி இயக்காமல் விடவும் இல்லை. பழைய கணினியை விற்கப்போகும் அச்சக உரிமையாளர்கள் வட்டையும் எழுத்துரு நெகிழ்வட்டுகளையும் தனியே எடுத்து, எந்தக் கணினியில் எந்த எழுத்துரு இருந்தது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வைக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் பின்னால் வருபவர் எவ்வளவு திறமை காட்டினாலும் அது ஊகமாகவே நிற்கும்.